பெற்றவர் பேரில் நடக்கப் போகிறீர்களா? முதலில் கையை நீட்டுங்கள்



சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, மருந்தகத்தை மூடப்போகும் நேரத்தில், பழக்குலை வெட்டும் தம்பி ஒருவர் வந்து நின்றார். வயது முப்பத்தாறு. நல்ல திடகாத்திரமான ஆள். அவருடைய தாயார் பக்கவாதத்தில் தவறி அப்போது ஓராண்டு ஆகப்போகிறது.

"ஐயா, பட்டணத்துல தர்மத்துக்கு ஒரு ஓட்டம் வைக்கிறாங்களாம். பத்து கிலோமீட்டராம். ரத்தம் கழுவுற ஏழைங்களுக்குக் காசு சேர்க்கிறாங்க. எங்கம்மா பேருல நான் ஓடலாம்னு இருக்கேன். கால் வலிக்காம இருக்க ஒரு நாலு பொன்ஸ்டான் குடுங்க."

"மாத்திரை அப்புறம் ஆகட்டும் தம்பி. முதல்ல உக்காரு. கையை நீட்டு" என்றேன்.

ரத்தக் கொதிப்பு 172/106 காட்டியது. வேலைக்காட்டிலிருந்து நேராக வந்ததால் இருக்கலாம் என்று பத்து நிமிஷம் சும்மா உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன். 168/104. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "எனக்குத் தலைசுத்தல் கூட இல்லீங்களே ஐயா" என்றார்.

தாயாருக்கு இருந்ததும் இதே ரத்தக் கொதிப்புதான். அந்த அம்மாளுக்கும் தலைசுத்தல் இருந்ததில்லை.

அம்மா பேரில், அப்பா பேரில் நடப்பது, ஓடுவது, சைக்கிள் மிதிப்பது, அதைக் காட்டி நல்ல காரியத்துக்குப் பணம் சேர்ப்பது என்பதெல்லாம் இப்போது தோட்டப்புறத்துக்கும் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். திவசத்தன்று நாலு பேருக்குச் சோறு போடுவது போல இதுவும் ஒரு தர்மம். ஆனால் இதில் இறங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றவரைக் கொண்டுபோன நோய் பல வேளைகளில் நம் உடம்பிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் ஓடினால், நினைவு நாள் இன்னொரு துக்க நாளாகிவிடும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு முன்னோடி

தர்ம ஓட்டம் என்றாலே பலரும் நினைப்பது டெரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞரை. 1977-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் காரணமாக அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி, செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டு மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1-ஆம் தேதி நெஞ்சு வலியும் இருமலும் தாங்காமல் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28-ஆம் தேதி, இருபத்திரண்டு வயதில் காலமானார். அந்த ஆண்டிலிருந்து அவர் பெயரில் ஓட்டங்கள் நடக்கின்றன. நம் மலேசியாவிலும் நடந்திருக்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஓடிக்கொண்டிருந்தபோது சேர்ந்த பணத்தைவிட, நின்ற பிறகு சேர்ந்த பணம் பல மடங்கு அதிகம். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. ஆகவே, உடம்பு முடியாதபோது நிற்பது தோல்வி அல்ல. "பேர் குடுத்துட்டோம், எப்படியும் முடிச்சே ஆகணும்" என்ற வீம்புதான் ஆபத்து.

என் அப்பாவும் நானும்

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடும் வேலைக்குப் போனார். நாற்பத்தெட்டு வயதில் இனிப்பு நீர் என்று தெரிந்தது. கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு, மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். உண்மை அதற்கு நேர்மாறு. கட்டுக்கு அடங்காத சீனிதான் கிட்னியைக் கெடுக்கிறது. நம் நாட்டில் ரத்தம் கழுவப் போகிறவர்களுக்கு நோய் வந்த காரணங்களில் முதலிடம் இனிப்பு நீருக்குத்தான்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் என் அப்பாவிடம் சொல்லாமல் இருப்பேனா? பல தடவை சொன்னேன். "நீ படிச்சவன்தான்பா. ஆனா என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?" என்பார். காலில் செம்பனை முள் குத்திய புண் ஆறாமல், இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு கிட்னி போனது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ஊசி குத்திய கையோடு படுத்துக் கிடந்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். இரண்டு ஆண்டு அப்படிப் போய் வந்தோம். 2017-ல் தவறிவிட்டார்.

2019-ல் பட்டணத்து ரத்த சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்காக நிதி நடை நடந்தது. அப்பா பேரில் நடப்பது என்று முடிவு செய்து பாரம் வாங்கினேன். அதில் ஒரு கேள்வி: "உங்களுக்கு இனிப்பு நீர் உண்டா? ரத்தக் கொதிப்பு உண்டா?" இல்லை என்ற கட்டத்தில் கோடு போடப் போன கை நின்றுவிட்டது. தினமும் பத்து பேருக்கு விரலில் குத்திப் பார்க்கிற நான், என் விரலில் குத்திப் பார்த்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தேன். 8.1. அரசாங்க கிளினிக்கில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தும் இனிப்பு நீர் என்றே உறுதியானது. அன்று இரவு அப்பாவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பிடிவாதம் பிடித்தார் என்று இத்தனை நாளும் மனசுக்குள் கோபப்பட்டேனே, நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்?

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கண், கால், சிறுநீர் எல்லாம் பார்த்தார். "நடக்கலாம், படிப்படியாக நட" என்றார். நடந்தேன். இன்று வரைக்கும் நடக்கிறேன். அப்பா செத்தும் எனக்குச் செய்த உதவி அது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

2019-ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு சொன்னதைக் கேளுங்கள். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பத்தில் மூன்று பேருக்கு ரத்தக் கொதிப்பு. இனவாரியாகப் பார்த்தால் இனிப்பு நீர் இந்தியர்களிடம்தான் அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியவை

"நாங்க நாள் முழுக்கக் காட்டுல நடக்கிறவங்க. எங்களுக்கு என்ன சோதனை?" என்று பலர் கேட்பதுண்டு. உழைப்பு நல்லதுதான். ஆனால் உழைக்கிற உடம்புக்குக் கொதிப்பும் சீனியும் வராது என்பதில்லை. என் அப்பாவைவிட உழைத்தவர் எங்கள் லயத்தில் கிடையாது.

பேர் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. ரத்தக் கொதிப்பு. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90-க்கு மேலே நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓட்டம், பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

2. சீனி. வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், சாப்பிட்ட பிறகு எந்த நேரத்திலும் 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீராக இருக்கலாம். விரலில் குத்திப் பார்ப்பதோடு விடாமல், கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

3. குடும்பக் கதை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன் இருதய நோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போதோ பாரம் தூக்கும்போதோ நெஞ்சு இறுக்கினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

உடம்பைப் பழக்குவது எப்படி?

பத்து கிலோமீட்டர் என்பது ஆறேகால் கட்டை. ஒரே நாளில் அதைப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள், இருபது நிமிஷம் நடை. மூன்றாம், நான்காம் வாரம் முப்பது நிமிஷம். ஐந்து, ஆறாம் வாரம் நாற்பத்தைந்து நிமிஷம். இதோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமாக, மூன்று கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டராகக் கூட்டி, ஏழாம் வாரத்தில் எட்டு ஒன்பது கிலோமீட்டருக்கு வந்துவிடுங்கள். எட்டாம் வாரம் நடையைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும். ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான நிதி ஓட்டங்களில் நடப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தோட்டத்து மண்சாலையில் நடப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே நடங்கள், லாரிக்கு எதிர்ப்பக்கமாக. குலை வெட்டிக் களைத்த நாளில் நடையை விட்டுவிடலாம். பாவமில்லை.

காலைப் பற்றி இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட சீனி கால் நரம்பை மரத்துப் போகச் செய்யும். கொப்புளம் வந்தாலும் வலிக்காது. ஆகவே வேலைக்காட்டு பூட்ஸ் வேண்டாம்; வெறுங்கால் வேண்டவே வேண்டாம். அளவான சப்பாத்து, துவைத்த காலுறை. சப்பாத்து போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நடந்து வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்தை ஓட்டத்தன்று முதன்முதலாகப் போடாதீர்கள்.

இனி அந்தத் தம்பி கேட்ட பொன்ஸ்டான். இதைப் போன்ற வலி மாத்திரைகளை ஓடும் முன் போடக் கூடாது. வேர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை கிட்னியைத் தாக்கும். இனிப்பு நீர், கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கிட்னி நோயாளிகளுக்கு உதவப் போய் நம் கிட்னியைக் கெடுத்துக்கொள்ளலாமா?

பணம் சேர்ப்பதில் கவனம்

நடை உங்களுடையது. பணம் மற்றவர்களுடையது. ஆகவே கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

யாருக்காகச் சேர்க்கிறார்கள், அந்த அமைப்பு முறையாகப் பதிவு பெற்றதா, ரசீது தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பானால் கொடுப்பவருக்கு வரிக் கழிவும் உண்டு. நீங்கள் கட்டும் நுழைவுப் பணத்தில் சட்டைக்கும் பதக்கத்துக்கும் எவ்வளவு, நோயாளிக்கு எவ்வளவு என்று கேட்பதில் தப்பில்லை. தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் பொதுமக்களிடம் வசூல் செய்வதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதை ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நன்கொடைத் தாளை மருந்தக மேசையில் வைத்திருந்தேன். மருந்துக்கு வந்த ஒரு பாட்டி, சுருக்குப் பையை அவிழ்த்து இரண்டு வெள்ளி எடுத்து வைத்தார். அது அவர் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு என்று பிறகுதான் தெரிந்தது. மருந்து கொடுக்கிற கை கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? அன்றே தாளை எடுத்துக் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன். பாட்டியின் காசையும் திருப்பிக் கொடுத்தேன். மண்டோர்களும் கங்காணிகளும் இதைக் கவனிக்க வேண்டும். சம்பள நாளில், பெரட்டுக்களத்தில், உங்கள் கீழே வேலை செய்பவர்களிடம் தாளை நீட்டாதீர்கள். மனசோடு தருவதுதான் தர்மம்.

அன்றைய தினம்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு துண்டு ரொட்டியோ இட்லியோ சாப்பிட்டுப் பசியாறிக்கொள்ளுங்கள். நாசி லெமாக்கை முடித்துவிட்டு வந்து சாப்பிடலாம். தண்ணீரை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை சில மிடறு குடியுங்கள். ஒரேயடியாகக் குடம் குடமாக வேண்டாம். டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று நடை இல்லை.

இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் அன்றைய மருந்தின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். நடக்கும்போது கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, திடீர்ப் பசி, குழப்பம் வந்தால் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிஷத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வேர்வையும் மட்டும் வரலாம். யாராவது வெயிலில் தள்ளாடி, தொடர்பில்லாமல் பேசினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து, விசிறிவிட்டு, 999-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. நடக்கும்போது அழுகை வந்தால் வரட்டும். எனக்கு ஏழாவது கிலோமீட்டரில் வந்தது. பக்கத்தில் நடந்த முன்பின் தெரியாத சீன அம்மா ஒருவர் கைத்துண்டைக் கொடுத்துவிட்டு, பேசாமல் கூடவே வந்தார். அவரும் யாருக்காகவோ நடந்தவர்தான்.

அந்தத் தம்பி

அந்தத் தம்பிக்கு நான் மாத்திரை கொடுக்கவில்லை. கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். டாக்டர் கொதிப்பு மாத்திரை தொடங்கினார்; அந்த ஆண்டு ஓட்டம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தம்பிக்கு முகமே இல்லை. "அம்மா பேருல வாக்கு குடுத்துட்டேனே ஐயா" என்றார். நான் ஏற்பாட்டாளர்களிடம் பேசி, ஐந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையில் நிற்க வைத்தேன். அம்மாவின் பெயரை எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டு, விடியற்காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார். அவர் பேரில் தோட்டத்தார் கொடுப்பதாகச் சொன்ன பணமும் குறையாமல் வந்து சேர்ந்தது.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். உப்பைக் குறைத்தார், சிகரெட்டை நிறுத்தினார், மாலையில் மனைவியோடு நடந்தார். இந்த ஆண்டு ஓட்டத்துக்கு முதல் வாரம் மருந்தகத்துக்கு வந்து, நான் கேட்கும் முன்னமே உட்கார்ந்து கையை நீட்டினார். 132/84. பத்து கிலோமீட்டரையும் நடந்தே முடித்தார்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். அவர் எந்த நோயில் போனார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் தோட்ட மருந்தகத்துக்கோ பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கோ இந்த வாரமே போய் வாருங்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், ஓடலாம்.